ஸ்க்ராபிள் கடைசிக்கட்ட அலசல்: சிமுலேஷனை எத்தனை பிளை ஓட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில ஸ்க்ராபிள் போட்டிகளில் ஆடிவிட்டு, பிறகு க்வாக்கிள், மக்கோண்டோ போன்ற நிரல்களில் தங்கள் ஆட்டத்தை அலசுகிறவர்களுக்கான பக்கம் இது. மொத்தம் 100 டைல் (எழுத்துக் காய்), ஒரு ரேக்கில் (ஒருவர் கையில் வைத்திருக்கும் எழுத்துகள்) 7 டைல் என்ற கணக்கில்தான் எல்லா எண்களும் இருக்கின்றன. "சிம்" என்று சொல்லும் இடமெல்லாம் சிமுலேஷன் என்று எடுத்துக்கொள்ளவும்: தெரியாத டைல்களைக் குலுக்கிப் போட்டு, நிரல் ஆட்டத்தைப் பலமுறை தொடர்ந்து ஆடிப் பார்ப்பது.

பிளை என்றால் எதை எண்ணுகிறார்கள்?

ஒருவருடைய ஒரு முறை ஒரு பிளை. நீங்கள் பரிசீலிக்கும் நகர்வை நிரல் முதலில் பலகையில் வைக்கும்; அது கணக்கில் சேராது. பிறகு எதிராளிக்குக் கண்ணில் படாத டைல்களிலிருந்து ஒரு ரேக்கைக் குலுக்கிக் கொடுக்கும். அவர் ஆடுவது முதல் பிளை, அதற்கு நீங்கள் ஆடுவது இரண்டாவது பிளை. 2 பிளை என்றால் அங்கே நிறுத்தி, அதுவரை சேர்ந்த புள்ளி வித்தியாசத்தோடு ரேக்கில் மிஞ்சிய எழுத்துகளுக்கு ஒரு மதிப்பும் சேர்த்துக்கொள்ளும். இப்படி ஒருமுறை குலுக்கி முடிப்பதை இங்கே "ஓட்டம்" என்கிறோம்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: பையில் எத்தனை இருந்தால் எத்தனை பிளை?

பையில் 25 டைலுக்கு மேல் இருந்தால் 2 பிளை போதும். 15 முதல் 25 வரை 4 பிளை. 8 முதல் 14 வரை இருந்தால் ஆட்டம் முடியும்வரை ஓட்டுங்கள். க்வாக்கிளில் இதற்கு "மெனி" என்ற தேர்வு இருக்கிறது. 7 அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டால் சிம்மை முதல் வடிகட்டலுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, முடிவை எண்ணிப் பார்த்து எடுக்க வேண்டும். பை காலியானபின் சிம் ஓட்டவே கூடாது. எதிராளியின் ரேக் தெரிந்துவிட்டது, குலுக்குவதற்கு எதுவும் இல்லை.

இந்த எல்லைகள் கல்லில் வெட்டியவை அல்ல. பிங்கோ (ஏழு டைலையும் ஒரே முறையில் வைப்பது) விழ வாய்ப்பே இல்லாத மூடிய பலகையில் ஒரு முறைக்கு இரண்டு மூன்று டைல்தான் செலவாகும், ஆட்டம் நீளும். அப்போது பையில் 20 இருந்தாலே முடிவுவரை ஓட்டுவது நல்லது. பிரையன் ஷெப்பர்டின் மேவன் நிரல் பையில் 9 அல்லது அதற்குக் குறைவாக வந்ததுமே நடு ஆட்ட முறையை விட்டுவிட்டுத் தனியான ஒரு முறைக்கு மாறியது. கடைசிக்கட்டத்தை வேறு ஆட்டமாகவே நினைக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல சான்று.

நடு ஆட்டத்தில் போதுமான 2 பிளை, கடைசியில் ஏன் போதவில்லை?

மூன்று காரணங்கள் உண்டு. மூன்றும் ஒரே சமயத்தில் வேலை செய்வதுதான் சிக்கல்.

முதலாவது, மிச்ச எழுத்துகளின் மதிப்பு. எஸ் ஒன்றுக்கு ஏறத்தாழ 8 புள்ளி, பிளாங்குக்கு (எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய வெற்று டைல்) ஏறத்தாழ 25 புள்ளி என்ற கணக்கெல்லாம் பையில் நிறைய டைல் இருக்கும் நிலையை வைத்துப் போட்டவை. இன்னும் பல முறை எடுக்கலாம், பிங்கோ அமைக்கலாம் என்பதால்தான் அந்த மதிப்பு. பையில் 5 டைல் இருக்கும்போது அதே எஸ்ஸுக்கு 8 புள்ளி கொடுத்தால் அது வெறும் கற்பனை. அதை வைக்க இடம் இருந்தால் 30 புள்ளி வரலாம், இல்லாவிட்டால் சல்லிக் காசு பெறாது. 2 பிளையில் நிறுத்தினால் இந்தத் தவறான மதிப்பு அப்படியே விடையில் ஏறிவிடும்.

இரண்டாவது, வெற்றி வாய்ப்பு அட்டவணை. ஆட்டம் முடியாமல் பாதியில் நிறுத்திய ஓட்டத்துக்கு நிரல் வெற்றி சதவீதத்தை எப்படிச் சொல்கிறது? "இத்தனை புள்ளி முன்னிலை, இத்தனை டைல் பாக்கி" என்று ஓர் அட்டவணையில் பார்த்துச் சொல்கிறது. அந்த அட்டவணை எண்ணற்ற ஆட்டங்களின் சராசரி. உங்கள் பலகையில் மூன்று மடங்குச் சொல் கட்டம் திறந்து கிடக்கிறதா, பிங்கோவுக்கு ஒரே ஒரு வரிசைதான் பாக்கியா என்பது அதற்குத் தெரியாது. முடிவுவரை ஓட்டினால் அட்டவணையே தேவைப்படாது. எத்தனை ஓட்டத்தில் ஜெயித்தீர்கள் என்ற நேரடி எண்ணிக்கையே சதவீதமாகிவிடும்.

மூன்றாவது, பார்வை எட்டாத இடத்தில் நடப்பவை. க்யூ கையில் சிக்கிக்கொண்டால் அதன் வலி நான்காவது ஐந்தாவது பிளையில்தான் தெரியும். எதிராளி கடைசி டைலை வைத்து முடித்தால் உங்கள் ரேக்கில் மிஞ்சிய மதிப்பின் இரு மடங்கு அவருக்குப் போகும். க்யூ ஒன்றுக்கே 20 புள்ளி. 2 பிளையில் அந்த 20 எங்குமே வராது.

அப்படியென்றால் எல்லா நிலைக்கும் முடிவுவரை ஓட்டிவிட்டால் என்ன?

நேரம் ஒரு பக்கம், இரைச்சல் (குலுக்கலால் வரும் தற்செயல் ஏற்ற இறக்கம்) இன்னொரு பக்கம். ஒவ்வொரு பிளையும் ஏதோ ஒரு புள்ளியைக் கூட்டியோ குறைத்தோ போகிறது. ஒரு பிளைக்கான புள்ளியின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து புள்ளி சிதறும் அளவு) 20 என்று வைத்துக்கொள்வோம். 2 பிளை ஓட்டினால் மொத்த விலக்கம் 20ஐ 2இன் வர்க்கமூலத்தால் பெருக்கியது, அதாவது 28. 8 பிளை ஓட்டினால் 57. சராசரியின் பிழை 1 புள்ளிக்குள் வர, 2 பிளைக்கு ஏறத்தாழ 800 ஓட்டம் போதும். 8 பிளைக்கு 3200 வேண்டும். அதோடு 8 பிளையின் ஒவ்வோர் ஓட்டமும் நான்கு மடங்கு நேரம் எடுக்கும். மொத்தத்தில் 16 மடங்கு நேரம். பையில் 50 டைல் இருக்கும் நிலையில் இந்த 16 மடங்கைக் கொடுத்து வாங்குவது பெரும்பாலும் இரைச்சல்தான்.

இன்னொன்றும் உண்டு. சிம்முக்குள் ஆடும் இருவரும் சிந்தித்து ஆடுவதில்லை. புள்ளியும் மிச்ச மதிப்பும் கூட்டி எது அதிகமோ அதைப் போடுகிறார்கள். ஆழம் கூடக்கூட அவர்களுடைய தவறுகளும் அடுக்கடுக்காகச் சேரும்.

எத்தனை ஓட்டம் போட்டால் விடையை நம்பலாம்?

வெற்றி சதவீதத்தைப் பார்க்கிறீர்கள் என்றால், 50 சதவீதத்தை ஒட்டிய நிலையில் 1000 ஓட்டத்துக்குப் பிழை ஏறத்தாழ 1.6 சதவீதப் புள்ளி. 10,000 ஓட்டத்துக்கு 0.5. ஆகவே 1000 ஓட்டத்துக்குப் பிறகு ஒரு நகர்வு 55 சதவீதமும் இன்னொன்று 52 சதவீதமும் காட்டினால், முதலாவதுதான் நல்லது என்று இன்னும் சொல்லிவிட முடியாது. 10,000இல் அதே இடைவெளி நின்றால் சொல்லலாம்.

நடைமுறையில் நிலைமை இதைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருக்கும். நல்ல நிரல்கள் ஒவ்வோர் ஓட்டத்திலும் எல்லா நகர்வுகளுக்கும் அதே எதிராளி ரேக்கையும் அதே குலுக்கலையும் பயன்படுத்துகின்றன. அதிர்ஷ்டம் எல்லோருக்கும் பொதுவாகிவிடுவதால், இரண்டு நகர்வுகளுக்கு இடையிலான வித்தியாசம் சீக்கிரம் தெளிவாகும்.

செய்யும் முறை இது: பத்துப் பதினைந்து நகர்வுகளை எடுத்து 2 பிளையில் 300 ஓட்டம் விடுங்கள். படுமோசமானவற்றை மட்டும் நீக்குங்கள். சந்தேகமாக இருப்பதை நீக்க வேண்டாம், ஏனென்றால் 2 பிளை எதைத் தவறாகப் பார்க்குமோ அதுவே சில சமயம் சரியான நகர்வு. மீதியை முடிவுவரை 2000 ஓட்டம் விட்டு, முன்னணியில் நிற்கும் இரண்டு மூன்றை மட்டும் 10,000 வரை கொண்டுபோங்கள். வெவ்வேறு ஆழத்தில் எடுத்த ஓட்டங்களைக் கலக்கக் கூடாது. ஆழத்தை மாற்றும்போது பழைய முடிவுகளை அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒற்றைப்படை பிளை, இரட்டைப்படை பிளை: வேறுபாடு உண்டா?

உண்டு. இரட்டைப்படையில் கடைசியாக ஆடுவது நீங்கள். அந்தக் கடைசி முறையில் நீங்கள் திறந்துவிட்ட இடத்தை எதிராளி பயன்படுத்துவதற்கு முன்பே படம் முடிந்துவிடும். அதனால் பலகையைத் திறக்கும் நகர்வுகளும், அடுத்த முறைக்கு இடம் அமைத்து வைக்கும் நகர்வுகளும் கொஞ்சம் அதிக மதிப்போடு தெரியும். ஒற்றைப்படையில் தட்டு மறுபக்கம் சாயும். 4 பிளையும் 5 பிளையும் ஒரே நகர்வை முதலிடத்தில் வைத்தால் நிம்மதி. வேறு வேறு நகர்வைக் காட்டினால், முடிவுவரை ஓட்டிப் பார்க்க வேண்டிய நிலை அது என்று புரிந்துகொள்ளுங்கள். 4 பிளையில் வந்த எண்ணையும் 5 பிளையில் வந்த எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிடுவதில் பொருளில்லை. எதிராளியின் ஒரு முறைப் புள்ளி முழுவதும் அவற்றுக்கு நடுவே கிடக்கிறது.

பையில் 7 அல்லது குறைவு என்றால் எண்ணிப் பார்க்கச் சொல்கிறீர்கள். எப்படி?

பையில் 1 டைல் என்றால் உங்களுக்குத் தெரியாதவை 8: எதிராளியிடம் 7, பையில் 1. பையில் இருப்பது அந்த எட்டில் எதுவாகவும் இருக்கலாம். அவ்வளவுதான், 8 உலகங்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் அந்த 8 உலகத்திலும் இறுதியாட்டத்தை (பை காலியானபின் நடக்கும் ஆட்டம்) தீர்த்து, எத்தனையில் ஜெயிக்கிறோம் என்று எண்ணினால் விடை கச்சிதமாக வந்துவிடும். நீங்கள் ஒரு டைல் வைத்ததுமே பை காலி. அதன்பின் இருவருக்கும் எல்லாம் தெரியும், ஊகத்துக்கு இடமே இல்லை. இதற்குப் போய் 5000 ஓட்டம் சிம் விடுவது வீண்.

பையில் 2 என்றால், தெரியாத 9 டைலில் பைக்குள் இருக்கும் ஜோடிகள் 36. மூன்றுக்கு 120, நான்குக்கு 330, ஐந்துக்கு 792, ஆறுக்கு 1716, ஏழுக்கு 3432. ஒரே எழுத்து இரண்டு மூன்று இருந்தால் வேறுபட்ட உலகங்கள் குறையும். ஆனால் எடை போட மறக்கக் கூடாது. தெரியாத எட்டில் இரண்டு ஈ இருந்தால், "பையில் ஈ" என்ற உலகத்துக்கு எடை 2.

பையைக் காலியாக்கும் நகர்வு என்றால் இந்த எண்ணிக்கை போதும். காலியாக்காத நகர்வு என்றால் எந்த வரிசையில் டைல் வெளியே வருகிறது என்பதும் சேரும்: இரண்டுக்கு 72, மூன்றுக்கு 720, நான்குக்கு 7920, ஐந்துக்கு 95,040. நான்குவரை தாங்கும். ஐந்திலிருந்து, எண்ணுவதற்குப் பதிலாக அந்த வரிசைகளிலிருந்து மாதிரி எடுக்க வேண்டியிருக்கும். அதாவது மறுபடி சிம்தான், ஆனால் ஒவ்வோர் ஓட்டத்தின் வாலிலும் இறுதியாட்டத்தைச் சரியாகத் தீர்க்கும் சிம்.

காலியாக்காத நகர்வில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. எதிராளிக்கும் பையில் என்ன என்று தெரியாது. ஆனால் தீர்வு நிரல் (குலுக்காமல், எல்லா உலகங்களையும் கடைசிவரை கணக்கிட்டுத் தீர்க்கும் நிரல்), அவருக்கு எல்லாம் தெரிந்த மாதிரி ஆட வைக்கலாம். அப்படியானால் உங்கள் வெற்றி எண்ணிக்கை கொஞ்சம் குறைவாகக் காட்டப்படும்.

பையில் ஒரு டைலை விட்டுவைப்பது நல்லது என்கிறார்களே?

பையைக் காலியாக்குகிறவர், இறுதியாட்டத்தில் முதல் முறையை மற்றவருக்குக் கொடுக்கிறார். பையில் 1 விட்டுவைத்தால், எதிராளி பாஸ் சொல்லாதவரை அவர்தான் காலியாக்க வேண்டும். அப்புறம் 7 டைலோடு முதலில் ஆடப்போவது நீங்கள். கையில் பிங்கோ இருந்தால் ஒரே அடியில் வெளியேறலாம். இதனால்தான் பையில் 5 இருக்கும்போது 4 டைல் வைக்கும் நகர்வும் 5 டைல் வைக்கும் நகர்வும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத முடிவுகளைத் தரும். சிறிய ஆழத்துச் சிம் இந்த வேறுபாட்டைப் பார்க்கவே பார்க்காது. ஆனால் இதை விதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் முன்னிலையில் இருந்து, பலகையில் பிங்கோ இடமே இல்லாவிட்டால், யார் காலியாக்கினாலும் அதிகம் மாறாது.

சராசரி புள்ளி வித்தியாசத்தைப் பார்ப்பதா, வெற்றி சதவீதத்தையா?

பையில் 1 டைல் இருக்கும் ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். முதல் நகர்வு 8 உலகத்தில் 7இல் 4 புள்ளியில் ஜெயிக்கிறது, பையில் க்யூ இருக்கும் ஓர் உலகத்தில் 40 புள்ளியில் தோற்கிறது. சராசரி மைனஸ் 1.5. இரண்டாவது நகர்வு 5 உலகத்தில் 30 புள்ளியில் ஜெயிக்கிறது, 3இல் 5 புள்ளியில் தோற்கிறது. சராசரி ஏறத்தாழ 16.9. புள்ளியைப் பார்த்தால் இரண்டாவது 18 புள்ளிக்கு மேல் உசத்தி. வெற்றியைப் பார்த்தால் முதலாவது 87.5 சதவீதம், இரண்டாவது 62.5. முதலாவதைத்தான் போட வேண்டும்.

தொடரின் நிலவரப்படி வெற்றி மட்டும் போதாது, இத்தனை புள்ளியில் ஜெயிக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், அந்த எண்ணிக்கையைத் தாண்டும் ஓட்டங்களை வெற்றியாக எண்ணுங்கள். அப்போதும் சராசரி உதவாது.

சிம் நல்லது என்று காட்டிய நகர்வை நல்ல எதிராளி சுலபமாக அடைத்துவிடுகிறாரே?

சிம்மின் ஆகப்பெரிய குறை இதுதான். ஆழத்தைக் கூட்டினாலும் தீராது. நீங்கள் க்யூவை வைத்துக்கொண்டு, அதை ஐயோடு சேர்த்து 60 புள்ளிக்கு மேல் எடுக்க ஓர் இடம் திறந்து வைக்கிறீர்கள். சிம்முக்குள் இருக்கும் எதிராளிக்கு உங்கள் ரேக் தெரியாது, ஊகிக்கவும் மாட்டார். அவர் தன் பாட்டுக்கு வேறிடத்தில் அதிகப் புள்ளி எடுப்பார், நீங்கள் ஓட்டத்துக்கு ஓட்டம் 60 புள்ளி எடுப்பீர்கள். நிஜத்தில் டைல் கணக்கு வைத்திருக்கும் எதிராளிக்கு க்யூ இன்னும் வெளியே வரவில்லை என்று தெரியும், நீங்கள் ஏன் அந்த இடத்தைத் திறந்தீர்கள் என்றும் புரியும்.

சோதிக்க ஒரு வழி: எதிராளியின் நல்ல அடைப்பு எதுவென்று நீங்களே யோசித்து, அதைப் பலகையில் கையால் வைத்து, அங்கிருந்து உங்களுடைய முறைக்குச் சிம் ஓட்டுங்கள். அடைத்தபிறகும் உங்கள் நிலை இரண்டாவது நல்ல நகர்வுக்கு நிகராக இருந்தால், இடம் அமைக்கும் நகர்வு தாங்கும். அடைத்ததும் சரிந்துவிட்டால், எதிராளியிடம் அடைக்கும் எழுத்துகள் இல்லாத ஓட்டங்கள் எத்தனை என்பதே உண்மையான கேள்வி.

எதிராளியின் ரேக்கை எழுமாறாகக் குலுக்குவது சரியா?

பையில் 40 இருக்கும்போது பரவாயில்லை. பையில் 8 இருக்கும்போது பெரிய தவறாகலாம். அவர் போன முறை இரண்டே டைல் வைத்து 9 புள்ளி எடுத்தார் என்றால், மீதி 5 எழுத்துகள் நல்லவை என்றுதான் பொருள். தெரியாதவற்றில் பிளாங்கும் எஸ்ஸும் இருந்தால் அவை அவரிடம் இருக்க வாய்ப்பு கூடுதல். க்வாக்கிளில் எதிராளியின் ரேக்கில் சில எழுத்துகளை நிலையாகக் குறிப்பிட்டுவிட்டு மீதியை மட்டும் குலுக்கச் சொல்லலாம். சிம்மை இரண்டு முறை ஓட்டுங்கள்: எதையும் குறிப்பிடாமல் ஒருமுறை, சந்தேகப்படும் எழுத்துகளோடு ஒருமுறை. விடை மாறவில்லை என்றால் ஊகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஊகத்தை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. அவர் கடைசியாக எடுத்த இரண்டு டைல் எதுவாகவும் இருக்கலாம்.

எந்தெந்த நகர்வுகளைச் சேர்ப்பது?

சிம் நீங்கள் கொடுத்தவற்றைத்தான் ஒப்பிடும். நிரலின் பட்டியலில் முதல் பத்தை அப்படியே எடுப்பதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. கடைசிக்கட்டத்தில் சரியான நகர்வு நாற்பதாவது இடத்தில்கூடக் கிடக்கும். ஒரே ஒரு டைல் வைத்து எழுத்துக்குக் காத்திருக்கும் நகர்வு, பிங்கோ வரிசையை அடைக்கும் நகர்வு, பையில் 1 விட்டுவைக்கும் நகர்வு, க்யூவையோ வியையோ இப்போதே கழிக்கும் நகர்வு: இவற்றில் ஒவ்வொன்றாவது இருக்கட்டும். பையில் சரியாக 7 இருந்தால் டைல்களைப் பையோடு மாற்றிக்கொள்வதும் பட்டியலில் வர வேண்டும். 6 ஆகிவிட்டால் விதிப்படி மாற்ற முடியாது. பாஸ் எப்போதும் முடியும்.

பை காலியானபின் தீர்வு நிரலுக்கு எவ்வளவு ஆழம்?

முடிந்தால் முழு ஆழம். இரண்டு பேரும் இரண்டு மூன்று சொல்லில் முடித்துவிடும் நிலைக்கு 4 முதல் 6 பிளை போதும். எழுத்து சிக்கிக்கொண்ட நிலைதான் ஏமாற்றும். ஆங்கிலத்தில் வி சேர்ந்த இரண்டெழுத்துச் சொல் கிடையாது. அது எதிராளியிடம் சிக்கிவிட்டால் நீங்கள் உங்கள் டைல்களை ஒவ்வொன்றாக வைத்துப் புள்ளி கறக்கலாம், அவரால் முடிக்க முடியாது. அப்போது வரிசை 10 பிளையையும் தாண்டும். 4 பிளையில் பார்த்த நிரல் சீக்கிரம் முடிக்கச் சொல்லும், அது தவறு. 4, 6, 8 என்று கூட்டிக்கொண்டே போய், முதல் நகர்வும் புள்ளியும் இரண்டு முறை தொடர்ந்து மாறாமல் நின்றால் நிறுத்தலாம். சிக்கிய எழுத்து இருந்தால் மட்டும் இந்தச் சோதனையை நம்பாமல் கடைசிவரை போகவும்.

கணினி திணறுகிறது. எதைக் குறைப்பது?

முதலில் நகர்வுகளின் எண்ணிக்கையை, பிறகு ஓட்டங்களை, கடைசியாகத்தான் ஆழத்தை. ரேக்கில் பிளாங்க் இருந்தால் சொற்களைத் தேடும் வேலை பல மடங்காகும். அதற்கு நேரம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். பையில் 10 இருக்கும் நிலையில் முடிவுவரை ஓடிய 1000 ஓட்டம், 2 பிளையில் ஓடிய 20,000 ஓட்டத்தைவிட மேல். பின்னது தவறான ஒரு கேள்விக்கு மிகத் துல்லியமான விடை.

சிம் ஒன்று சொல்கிறது, தீர்வு நிரல் வேறொன்று சொல்கிறது. யாரை நம்புவது?

உங்கள் நகர்வு பையைக் காலியாக்குகிறது என்றால் தீர்வு நிரலை. அங்கே அதன் எண்ணிக்கையில் ஊகம் இல்லை. காலியாக்காத நகர்வு என்றால், இரண்டும் முரண்படும் உலகங்களில் ஐந்தாறை எடுத்துக் கையால் ஆடிப் பாருங்கள். சிம்முக்குள் எதிராளி ஒரு வெளிப்படையான அடைப்பைத் தவறவிட்டிருப்பார், அல்லது தீர்வு நிரலில் எதிராளி பைக்குள் எட்டிப் பார்த்தவர்போல ஆடியிருப்பார். எது நடந்திருக்கிறது என்பது நாலைந்து உலகத்துக்குள் தெரிந்துவிடும்.

இரண்டு நகர்வுக்கும் வித்தியாசம் ஓர் உலகம்தான் என்றால், எதிராளியின் முந்தைய ஆட்டத்திலிருந்து அந்த உலகம் எவ்வளவு சாத்தியம் என்று பாருங்கள். எட்டு உலகமும் சம எடை என்று வைத்துக்கொண்டது உங்களுக்கு வேறு தகவல் இல்லாததால்தான். அவர் போன முறை 40 புள்ளிக்கு எக்ஸ் வைக்கும் இடத்தை விட்டுவிட்டு 12 புள்ளி எடுத்தார் என்றால், அப்போது அவர் கையில் எக்ஸ் இல்லை. அதன்பின் அவர் ஒரே ஒரு டைல்தான் எடுத்திருந்தால், எக்ஸ் அந்த ஒரு டைலாகவோ பையில் உள்ளதாகவோதான் இருக்க முடியும். 8இல் 1 என்று இருந்த எடை 2இல் 1 ஆகிறது.